அரிய நூலைப் பாடஞ்சொல்லும் முறை

(கொல்கத்தாவில் தமிழாசிரியர்களும் மாணவர்களும் கூடிய அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எளிதில் பொருள் விளங்காத ஒரு நூலை, அது செய்யுளாயினும் சாஸ்திரமாயினும், மாணவன் வரிவரியாக நின்று ஆராய்ந்து, பிறர் கைபிடித்து இழுக்காமல் தன் அறிவினாலேயே அதன் உட்பொருளை எட்டும்படி அவனைப் பழக்குவது எவ்வாறு என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம். கேட்பதற்கு இது வகுப்பறைக்குள் அடங்கிவிடும் சிறிய காரியம்போலத் தோன்றலாம். ஆயினும் கல்வி என்ற பெயரால் நாம் செய்கிற அத்தனை காரியங்களுக்கும் இதுவே ஆணிவேர் என்பது என் உறுதியான அபிப்பிராயம். இந்த வேர் பட்டுப்போன இடத்தில் பட்டங்கள் பெருகலாம், கட்டடங்கள் உயரலாம், கற்றவர்கள் பெருகமாட்டார்கள்.

இந்நகரத்தின் காலேஜ் ஸ்ட்ரீட்டில், உலகத்தின் உயர்ந்த கிரந்தங்களெல்லாம் பழைய புத்தகங்களாக நடைபாதையிலே கிடைக்கின்றன. அவற்றுக்குப் பக்கத்திலேயே அந்தக் கிரந்தங்களைத் திறக்காமல் தேர்வு எழுத உதவும் நோட்ஸ்களும், இன்ன கேள்விதான் வரும் என்று ஊகித்துச் சொல்லும் 'சஜெஷன்'களும் குவிந்திருக்கின்றன. தமிழ்நாட்டிலும் நிலைமை வேறல்ல. ஒரு சங்கச் செய்யுளைப் பாடமாக வைத்தால் மாணவன் முதலில் புரட்டுவது செய்யுள் இருக்கும் பக்கத்தை அன்று. அதன் 'கருத்து' இருக்கும் பக்கத்தை. இப்பொழுதோ கைப்பேசியில் நூலின் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் அதன் சாரம் வந்து நிற்கிறது. இதற்கெல்லாம் மாணவனைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அரிய நூலுக்கு முன்னால் அவனைத் தனியே நிறுத்திவிட்டு, அதனுள் புகும் வழியைக் காட்டாமல், புகுந்து வந்தவர் சொன்ன முடிவை மட்டும் ஒப்பிக்கும்படி கேட்கிறவர்கள் நாம் அல்லவா?

ஒரு நூல் அரிதாக இருப்பதற்குப் பல காரணங்கள் உண்டு. சொல் வழக்கொழிந்ததாக இருக்கலாம். சொற்கள் தெரிந்திருந்தும் அவை ஒன்றோடொன்று பொருந்தும் வாக்கிய அமைப்பு விளங்காதிருக்கலாம். வாக்கியம் விளங்கியும், யார் யாரிடம் எந்தச் சந்தர்ப்பத்தில் பேசுகிறார் என்பது தெரியாதிருக்கலாம். இவையெல்லாம் தெளிந்த பின்னும் கருத்தே நம்முடைய பழகிய எண்ணங்களுக்கு எட்டாத உயரத்தில் நிற்கலாம். இந்த நான்கில் முதலாவதை மட்டும் அகராதி தீர்த்துவைக்கும். மற்ற மூன்றையும் தீர்க்கவேண்டியது மாணவனுடைய பொறுமையும் ஆசிரியனுடைய துணையுமே. நோட்ஸ் அவற்றைத் தீர்ப்பதில்லை. அவை இருப்பதையே மாணவனுக்குத் தெரியாமல் மறைத்துவிடுகிறது.

இப்படிப்பட்ட வாசிப்பை எங்கிருந்தோ இறக்குமதி செய்யவேண்டியதில்லை. நாம் கூடியிருக்கும் இந்த நகரத்துக்கே இவ்விஷயத்தில் நீண்ட சரித்திரம் உண்டு. 1783-இல் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதியாகக் கல்கத்தாவுக்கு வந்து, அடுத்த ஆண்டே ஆசியக் கழகத்தைத் தோற்றுவித்த வில்லியம் ஜோன்ஸ், ராமலோசனர் என்ற பண்டிதரிடம் மாணவராக அமர்ந்து சம்ஸ்கிருதம் கற்றார். காளிதாசனுடைய சாகுந்தலத்தை அவர் மொழிபெயர்த்த முறை, அரிய நூலை அணுகுகிற எவருக்கும் உதாரணமாகத் தக்கது. நேரே ஆங்கிலத்தில் எழுத அவர் துணியவில்லை. சம்ஸ்கிருதத்தோடு மிகவும் ஒத்த இலக்கணமுடைய லத்தீனில், ஒவ்வொரு சொல்லுக்கும் நேராக ஒவ்வொரு சொல்லை வைத்து, வரிக்கு வரி முதலில் எழுதினார். பிறகு அதைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கினார். அதற்கும் பிறகே அந்நிய மரபுத்தொடர்களின் கரடுமுரடை நீக்கி வாசிக்கத் தக்கதாக்கினார். 1789-இல் கல்கத்தாவில் அச்சாகி ஐரோப்பாவைப் பிரமிக்கச் செய்த அந்தச் சிறு புத்தகத்தின் அழகுக்கு அடியில், அழகைப் பற்றிக் கவலைப்படாமல் சொற்களை ஒவ்வொன்றாக எண்ணி வைத்த லத்தீன் வரிகள் கிடக்கின்றன. ரசனை என்பது பின்னால் வருவது; சொல்லுக்குக் கடமைப்படுதல் முன்னால் வருவது.

ஆனால் சொல்லைக் காப்பது வேறு, சொல்லை உருப்போடுவது வேறு. இந்த வேற்றுமையைக் கண்டு, அதற்காக ஒரு கல்லூரியின் பாடமுறையையே மாற்றியவர் ஈசுவர சந்திர வித்தியாசாகரர். 1824-இல் தொடங்கப்பட்ட சம்ஸ்கிருதக் கல்லூரியில் அவரும் மாணவராக இருந்து, போபதேவருடைய முக்தபோத வியாகரணத்தைச் சிறுவர்கள் ஆண்டுக்கணக்கில் நெட்டுருப் பண்ணுவதை நேரில் அறிந்தவர். தாங்கள் இன்னும் கற்றிராத ஒரு பாஷையிலேயே எழுதப்பட்ட சூத்திரங்களை அந்தப் பிள்ளைகள் பொருள் தெரியாமல் மனனம் செய்தார்கள். 1851-இல் அக்கல்லூரியின் தலைவரான வித்தியாசாகரர், வங்காளியிலேயே 'உபக்கிரமணிகா' என்ற இலக்கண முன்னுரை நூலை எழுதினார்; கூடவே பஞ்சதந்திரம், இராமாயணம் முதலியவற்றிலிருந்து எடுத்துத் தொகுத்த 'ரிஜுபாடம்' என்ற வாசகத்தையும் கையில் கொடுத்தார். தாய்மொழியில் விளக்கம், மூலமொழியில் நூல் என்பதே அவர் கண்ட ஏற்பாடு. இதில் நாம் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு: படியை அவர் எளிதாக்கினாரேயன்றி, ஏறிச் சேரவேண்டிய மாடியைத் தாழ்த்தவில்லை. மாணவன் சேரவேண்டிய இடம் அப்பொழுதும் காளிதாசனும் பவபூதியுமே. பிற்காலத்தில் மேகதூதத்தைப் பதிப்பிக்கையில் எந்தச் சுலோகம் கவியின் வாக்கு, எது பின்னால் நுழைந்தது என்று ஆராய்ந்த அதே கைதான், குழந்தைகளுக்கு அகர முதல் எழுத்துகளைக் கற்பிக்கும் 'வர்ணபரிசயத்தை'யும் எழுதியது.

இதற்கு முன்பே இந்து கல்லூரியில் ஓர் இளைஞர் வேறொரு பாடத்தை நடத்திக் காட்டியிருந்தார். ஹென்றி டிரோசியோ 1826-இல் அங்கே ஆசிரியரானபோது அவருக்கு வயது பதினேழு. ஐந்தாண்டுகளுக்குள், மாணவர்களின் நம்பிக்கையைக் கெடுக்கிறார் என்ற குற்றச்சாட்டின் பேரில், 1831 ஏப்ரலில் அவர் விலக நேர்ந்தது. அப்பொழுது கல்லூரி நிர்வாகக் குழுவிலிருந்த வில்சன் துரைக்கு எழுதிய கடிதத்தில் அவர் சொன்ன சமாதானம் ஆசிரியத் தொழிலுக்கே ஒரு சாசனம் எனலாம். கடவுள் உண்மையை ஐயுறும் ஹியூமின் வாதங்களை மாணவர்களுக்கு அறிமுகப்படுத்தியது உண்மை என்று அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் அவற்றுக்கு மறுப்பாக ரீடும் டுகால்டு ஸ்டூவர்ட்டும் எழுதியவற்றையும் அதே மாணவர்களுக்குத் தாமே கற்பித்ததை எடுத்துக்காட்டினார். கருத்தில் அருமையுடைய நூலைக் கற்பிக்க வேறு வழி இல்லை. வாதத்தை முழு வலிமையோடும் வைக்கவேண்டும். எதிர்வாதத்தையும் அதே வலிமையோடு வைக்கவேண்டும். நடுவிலே மாணவனை நீதிபதியாக உட்காரவைக்கவேண்டும். முடிவை முன்கூட்டியே கையில் கொடுத்துவிட்டால் அவன் படித்தது நூலை அன்று, ஆசிரியனுடைய மனத்தையே.

வகுப்பறைக்கு வெளியே நடந்த இன்னொரு சம்பவம் இவற்றைக் காட்டிலும் எனக்குப் பிரியமானது. அதை ரவீந்திரநாதர் தம்முடைய 'ஜீவன ஸ்மிருதி'யில் எழுதியிருக்கிறார். பள்ளிக்கூடத்துக்குப் பழகாத அந்தச் சிறுவருக்கு ஜோடாசாங்கோ வீட்டில் பாடஞ்சொன்ன ஞானசந்திர பட்டாச்சாரியார், வழக்கமான பாடங்களால் அவரைக் கட்ட முடியாதென்று கண்டு, ஒருபுறம் குமாரசம்பவத்தையும் மறுபுறம் மாக்பெத் நாடகத்தையும் எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு நாளும் ஒரு பகுதியை வங்காளியில் விளக்கிச் சொல்லுவார். அந்தப் பகுதியைச் சிறுவர் வங்காளிச் செய்யுளாக ஆக்கி முடிக்கும் வரை அறையைவிட்டு வெளியே விடமாட்டார். இப்படியே நாடகம் முழுவதும் மொழிபெயர்ந்தது. பிறகு, சாகுந்தலம் கற்பித்த ராமசர்வஸ்வ பண்டிதர் அந்த மொழிபெயர்ப்போடு சிறுவரை அழைத்துச் சென்று வித்தியாசாகரர் முன்னிலையில் வாசிக்கச் செய்தார். அங்கே உடனிருந்த ராஜகிருஷ்ண முகோபாத்தியாயர் அதைக் கேட்டுவிட்டு, சூனியக்காரிகள் பேசும் இடங்களில் பாஷையும் சந்தமும் நாடகத்தின் மற்றப் பகுதிகளினின்றும் வேறுபட்டு விசித்திரமாக ஒலிக்கவேண்டும் என்று யோசனை சொன்னார்.

இந்தச் சம்பவத்தில் நான் மூன்று விஷயங்களைக் காண்கிறேன். முதலாவது, நூல் அரிதென்பதற்காகச் சிறுவனுக்கு அது மறுக்கப்படவில்லை. இரண்டாவது, விளக்கம் கேட்டதோடு அவன் கடமை முடியவில்லை. கேட்டதைத் தன் மொழியில் தானே செய்து காட்டவேண்டியிருந்தது. ஒரு வாக்கியத்தை மொழிபெயர்க்க உட்காருகிறவன் அதன் எந்த மூலையையும் பாராமல் தப்பமுடியாது; புரியாத இடம் கையோடு பிடிபட்டுவிடும். மூன்றாவது, அவன் எழுதியதைப் பெரியவர்கள் சிறுபிள்ளை விளையாட்டாகக் கருதிப் புகழ்ந்து அனுப்பிவிடவில்லை. சமமான வித்துவானிடம் பேசுவதுபோல, சந்தத்தின் பொருத்தத்தைப் பற்றி அவனோடு பேசினார்கள். மாணவனிடத்தில் நாம் காட்டக்கூடிய மரியாதைகளில் இதனினும் பெரியது எனக்குத் தெரியவில்லை.

பிற்காலத்தில் பிரசிடென்ஸி கல்லூரியில் ஷேக்ஸ்பியர் நாடகங்களைப் பதந்தோறும் குறிப்புரை எழுதிப் பதிப்பித்துப் பாடஞ்சொன்ன பெர்சிவல், அதே மேடையில் ஷேக்ஸ்பியரைக் கற்பித்த பிரபுல்ல சந்திர கோஷ், தாரகநாத் சேன் ஆகியோர் இந்த மரபையே வளர்த்தார்கள். 1956-இல் யாதவபூர்ப் பல்கலைக்கழகத்தில் புத்ததேவ போஸ் ஒப்பிலக்கியத் துறையைத் தொடங்கி, ஒரு நாட்டுக் காவியத்தை மற்றொரு நாட்டுக் காவியத்தின் வெளிச்சத்தில் வாசிக்கும் பயிற்சியை இந்தியாவில் முதன்முதலாக ஒரு துறையாகவே நிலைநாட்டினார். அதே பல்கலைக்கழகத்தில் 2013-இல் நிறைவேறிய 'விசித்திரா' என்னும் மின்தொகுப்பு, தாகூரின் கையெழுத்துப் பிரதிகளையும் அச்சுப் பதிப்புகளையும் ஒருங்கே வைத்து, ஒரு சொல் ஒரு பிரதியில் எப்படி இருந்து மறுபிரதியில் எப்படி மாறியது என்பதை எந்த மாணவனும் கண்ணால் காணும்படி செய்திருக்கிறது. இயந்திரம் வாசிப்பைக் கெடுக்கும் என்று அஞ்சுகிறவர்கள் இதனையும் நினைக்கவேண்டும். கவி ஒரு சொல்லை அடித்துவிட்டு மற்றொன்றை ஏன் எழுதினான் என்று கேட்க மாணவனைத் தூண்டுகிற சாதனம், சாரத்தைப் பிழிந்து தந்து அவனைத் தூங்கவைக்கிற சாதனத்துக்கு நேர்விரோதமானது.

இனி நம்முடைய தமிழ் மரபுக்கு வருவோம். நன்னூலின் பொதுப்பாயிரம் ஆசிரியன் இலக்கணத்தையும் மாணாக்கன் இலக்கணத்தையும் சொல்லுவதோடு நில்லாமல், பாடம் எப்படி மனத்தில் பதிகிறது என்பதற்கு ஒரு கணக்கும் சொல்லுகிறது. ஒரு முறை கேட்டதை இரண்டாம் முறையும் கேட்டால் நூலில் பிழைபாடு பெரும்பாலும் நீங்கும். மூன்றாம் முறை கேட்டால் பிறருக்கு முறையறிந்து சொல்லும் ஆற்றல் வரும். ஆசிரியன் உரைத்ததை எவ்வளவு செம்மையாகக் கொண்டாலும் மாணவனுக்குக் கிடைப்பது புலமையில் கால் பங்கே. உடன் கற்பவரோடு பயிலுவதால் மற்றொரு கால் பங்கு. எஞ்சிய அரைப் பங்கும் பிறருக்கு அவன் எடுத்துரைப்பதனாலேயே நிரம்பும். பாதி கல்வி, கற்றதை மற்றொருவனுக்குச் சொல்லுவதிலே இருக்கிறது என்று சொன்ன, நன்னூலை இயற்றிய சமண முனிவரின் கணக்கை இன்றைய வகுப்பறையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆசிரியர் பேச, மாணவர் எழுதிக்கொள்ள, மணி அடிக்கிறது. கால் பங்கோடு கடையை மூடிவிடுகிறோம்.

உரை வகுக்கும் முறையிலும் நம் முன்னோர் கண்ட ஒழுங்கு வியக்கத்தக்கது. உரையின் உறுப்புகளாக நன்னூலார் எண்ணுகிற பதினான்கில் முதலாவது 'பாடம்'. அதாவது மூலம் இன்னதென்று உறுதிப்படுத்துதல். அதன் பிறகே கருத்தும், சொல்வகையும், சொற்பொருளும், உதாரணமும் வருகின்றன. வினாவும் விடையும் தனித்தனி உறுப்புகளாகவே வைக்கப்பட்டிருக்கின்றன. கேள்வி கேட்டுக்கொள்ளாத உரை நம் மரபின்படி உறுப்புக் குறைந்த உரையாகும்.

இம்மரபில் வளர்ந்த ஒருவருக்கே அரிய நூலொன்று எப்படிச் சோதனையாக வந்தது என்பதை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். 1880-இல் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியராக அமர்ந்திருந்த உ. வே. சாமிநாதையரிடம், அவ்வூருக்கு முன்சீப்பாக மாற்றலாகி வந்த சேலம் இராமசுவாமி முதலியார், என்னென்ன நூல்களைப் பாடங்கேட்டிருக்கிறீர்கள் என்று விசாரித்தார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் கற்ற அந்தாதிகளையும் உலாக்களையும் பிள்ளைத்தமிழ்களையும் புராணங்களையும் ஐயரவர்கள் அடுக்கிக்கொண்டே போனார்கள். முதலியார் அவற்றால் திருப்தியடையாமல், சீவகசிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார். படித்ததில்லை என்றதும், கையெழுத்துப் பிரதியொன்றைக் கொடுத்துத் தமக்கு அதைப் பாடஞ்சொல்லும்படி வேண்டினார். அன்றுமுதல் ஐயரவர்கள் தாம் அறியாத ஒரு நூலை மற்றொருவருக்குக் கற்பிக்கவேண்டியவரானார்.

இந்த இடத்தில் சாதாரணமான ஒருவர் என்ன செய்திருப்பார்? விளங்காத இடங்களை மேலெழுந்தவாரியாகக் கடந்து, விளங்கிய இடங்களில் சொல்வன்மையைக் காட்டியிருப்பார். ஐயரவர்களோ விளங்காத இடங்களிலேயே நின்றார்கள். நச்சினார்க்கினியருடைய உரை, பெயர் சொல்லாமலே பல நூல்களிலிருந்து மேற்கோள்களை எடுத்துத் தொடுத்துச் செல்வது. அந்த மேற்கோள்கள் எங்கிருந்து வந்தவை என்று தேடிய தேட்டமே அவர்களைப் பழைய ஏடுகளிடம் கொண்டு சேர்த்தது. ஜைன சமயக் கொள்கைகள் விளங்காமல் தடைப்பட்டபோது, அவ்வூர் ஜைனர்களின் வீடுகளுக்குச் சென்று கேட்டார்கள். அங்கே சிந்தாமணியை மாதக்கணக்காக வாசித்து முடித்து, அந்த நிறைவை ஒரு சுபகாரியத்தைப்போலத் தோரணம் கட்டிக் கொண்டாடும் குடும்பங்களைக் கண்டார்கள். 1887-இல் சிந்தாமணியும், அதைத் தொடர்ந்து பத்துப்பாட்டும் சிலப்பதிகாரமும் புறநானூறும் அச்சேறின. இத்தனைக்கும் தொடக்கம், ஒரு மாணவர் கேட்டதும் ஓர் ஆசிரியர் தமக்கு விளங்கவில்லை என்பதை மறைக்காததுமே. ஆகவே, ஆசிரியன் எல்லாவற்றையும் அறிந்த பின்னரே அரிய நூலைத் தொடவேண்டும் என்று எண்ணித் தயங்குகிற இளம் ஆசிரியர்களுக்கு நான் சொல்லிக்கொள்வது: தொடுங்கள். மாணவனோடு சேர்ந்து தேடுகிற ஆசிரியனிடத்தில் அவன் தேடும் முறையைக் கற்றுக்கொள்ளுவான். முடிவுகளை மட்டும் சொல்லுகிறவனிடத்தில் முடிவுகளை மட்டுமே கற்பான், அவற்றையும் தேர்வு முடிந்த மறுநாள் மறந்துவிடுவான்.

பொதுவாகவே பேசிக்கொண்டு போவதைக் காட்டிலும் ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு பார்ப்பது நலம். குறுந்தொகையின் மூன்றாம் பாட்டை, தேவகுலத்தார் பாடியதை, நினைவுக்குக் கொண்டுவாருங்கள். நான்கே அடிகள், பாடப்புத்தகத்தில் இடம்பெறுவது, 'தலைவியின் காதல் பெரியது' என்று ஒரே வரியில் நோட்ஸில் முடிந்துவிடுவது.

முதலில் மாணவரை மெதுவாக இருமுறை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுவோம். நிலத்தைக் காட்டிலும் பெரிது என்று பாட்டுத் தொடங்குகிறது. எது பெரிது என்று கேட்டால் உடனே விடை கிடைக்காது. வானும் வந்து போகிறது, நீரும் வந்து போகிறது, மலைச்சாரலும் பூவும் தேனும் வருகின்றன. எழுவாயோ இன்னும் வரவில்லை. 'நட்பு' என்ற அந்த ஒரு சொல் பாட்டின் கடைசிச் சொல்லாக வந்து நிற்கிறது. அதுவரை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கவேண்டியதைத் தானே கண்டுபிடித்த மாணவன், வாக்கிய அமைப்பும் கவிதையின் ஒரு பகுதி என்பதை இனி எவரும் சொல்லாமலே அறிவான்.

அடுத்தது சொல். வானத்தைப் பற்றிய இடத்தில் 'உயர்ந்தன்று' என்றும், நீரைப் பற்றிய இடத்தில் 'ஆரளவின்று' என்றும் வருகின்றன. இன்றைய தமிழில் பழகிய காதுக்கு இவ்விரண்டும் எதிர்மறையாகவே கேட்கும். உயரமில்லை, அளவில்லை என்று மாணவன் பொருள் சொல்லுவான். உடனே திருத்திவிடாதீர்கள். நிலத்தைவிடப் பெரிது என்று சொன்ன பெண், வானத்தைவிட உயர்ந்ததில்லை என்று ஏன் அடுத்த மூச்சிலேயே குறைத்துச் சொல்லவேண்டும் என்று கேளுங்கள். பொருள் முட்டுகிறது என்பதை அவன் உணரட்டும். அந்த முட்டுதலே வாசிப்பின் தொடக்கம். பிறகு இலக்கணத்தைச் சொல்லலாம்: 'உயர்ந்தன்று' என்பது உயர்ந்தது என்னும் உடன்பாட்டுப் பொருளையே தரும் பழைய வடிவம், 'ஆரளவின்று' என்பது அரிய அளவினை உடையது என்னும் குறிப்பு முற்று. இலக்கணத்தைத் தனியே சூத்திரமாகக் கற்றபோது சலிப்படைந்த அதே மாணவன், ஒரு பெண்ணின் மனம் அந்தச் சொல்வடிவில் மாட்டிக்கொண்டிருப்பதைக் கண்டால் சலிப்படைவானா?

மூன்றாவது, உவமைகளின் போக்கு. நிலம், வான், நீர் என்று கண்ணுக்கடங்காத மூன்று பொருள்களைச் சொல்லிவிட்டு, கரிய கொம்பில் மலர்ந்த ஒரு சிறு குறிஞ்சிப் பூவுக்கும், அதிலிருந்து வண்டு இழைக்கும் தேனுக்கும் புலவர் ஏன் இறங்கி வருகிறார்? ஒருவன் எழுந்து, குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பது, ஆகையால் இந்தக் காதலும் அருமையானது என்று சொல்லக்கூடும். நல்ல விடைதான், ஆனால் பன்னிரண்டு ஆண்டு என்பது பாட்டிலே இருக்கிறதா, நீ வெளியிலிருந்து கொண்டுவந்ததா என்று அவனை வினவவேண்டும். வெளியிலிருந்து கொண்டுவருவது குற்றமன்று. கொண்டுவந்தது இது, நூலில் உள்ளது இது என்று பிரித்தறியாமையே குற்றம். மற்றொருத்தி, தேன் பல பூக்களிலிருந்து சிறிது சிறிதாகச் சேர்வது, நட்பும் அப்படிச் சேர்ந்தது என்று சொல்லலாம். அதற்குப் பாட்டின் சொற்களிலேயே இடம் இருக்கிறது. எந்த விடை எவ்வளவு தூரம் சொல்லால் தாங்கப்படுகிறது என்று நிறுத்துப் பார்க்கும் பழக்கம் இப்படித்தான் கைவரும்.

இவ்வளவும் ஆன பிறகே பாட்டின் கூற்றை வெளியிடவேண்டும். தலைவன் வேலிப்புறத்தே வந்து நிற்கிறான். அவன் காதில் விழும்படி தோழி அவனைப் பழித்துப் பேசுகிறாள். அதைப் பொறாத தலைவி அவன் பெருமையை எடுத்துச் சொல்லுகிறாள். இப்பொழுது அதே நான்கு அடிகள் வேறு ஒலி பெறுகின்றன. தனிமையில் பாடிய இன்பப் பாட்டு என்று எண்ணியது, ஒரு பழிப்புக்கு மறுமொழியாகிவிடுகிறது. தோழி என்ன சொல்லியிருப்பாள்? அவன் கேட்டுக்கொண்டிருப்பது தலைவிக்குத் தெரியுமா? தெரிந்தால், இந்தச் சொற்கள் தோழிக்கா, அவனுக்கா? மாணவர் தம்முள் வழக்கிடத் தொடங்குவார்கள். கூற்றுக் குறிப்பும் பாட்டோடு பொருந்துகிறதா என்றுகூட ஒரு துணிச்சல்காரன் கேட்கலாம். கேட்க அவனுக்கு உரிமை உண்டு. 1929-இல், கேம்பிரிட்ஜில் கற்பித்த ரிச்சர்ட்ஸ், ஆசிரியர் பெயரை மறைத்துக் கவிதைகளை மாணவரிடம் கொடுத்து, அவர்கள் எழுதிய கருத்துகளை ஆராய்ந்து ஒரு புத்தகம் வெளியிட்டார். நன்கு படித்த மாணவரும் பெயரின் துணை இல்லாதபோது சொற்களின் நேர்ப்பொருளிலேயே தடுமாறியதை அது காட்டிற்று. நாம் நம் கூற்றுகளையும் உரைகளையும் சிறிது நேரம் மறைத்து வைத்து, பிறகு உரிய சமயத்தில் திறந்து காட்டினால், அந்தச் சோதனையின் பயனோடு உரையாசிரியர்களின் அருமையும் மாணவனுக்கு விளங்கும்.

இதற்குச் சொல்லப்படும் ஆட்சேபங்களை நான் அறியாதவனல்லன். போர்ஷனை முடிக்கவேண்டும், வகுப்பில் எண்பது பேர் இருக்கிறார்கள், நான்கு அடிக்கு ஒரு மணி நேரம் செலவிட்டால் ஆண்டு போதாது என்பார்கள். எல்லாப் பாடத்தையும் இப்படி நடத்தவேண்டும் என்று நான் சொல்லவில்லை. வாரத்தில் ஒரு மணி நேரம், ஒரே ஒரு பகுதி போதும். மற்றவற்றை வேகமாகப் படிக்கட்டும். ஒன்றை முற்றிலும் வாசித்துப் பழகியவனுடைய வேகம், எதையுமே முற்றிலும் வாசித்திராதவனுடைய வேகத்தைப் போன்றதன்று.

ஏழைப் பிள்ளைகளும் முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்களும் அரிய நூல்களைக் கண்டு மிரளுவார்கள், அவர்களுக்குச் சாரத்தைக் கொடுப்பதே கருணை என்று சொல்லுவோரும் உண்டு. இந்த அபிப்பிராயத்தை நான் முழு மனத்தோடு மறுக்கிறேன். வீட்டில் புத்தக அலமாரி உள்ள பிள்ளை, பள்ளி கொடுக்காவிட்டாலும் தந்தையிடமோ தமையனிடமோ மூலத்தைப் பெற்றுக்கொள்ளும். மற்றப் பிள்ளைக்கு வகுப்பறையைத் தவிர வேறு வாசல் இல்லை. அந்த ஒரு வாசலிலும் நாம் சாரத்தை நீட்டி மூலத்தை மறுத்தால், பிறர் சொன்ன அபிப்பிராயத்தை ஒப்பிக்கும் நிலையிலேயே அந்தப் பிள்ளையை ஆயுள் முழுவதும் நிறுத்திவைக்கிறோம். நாளைக்கு அவனுக்கு முன்னால் ஒரு கடன் பத்திரம் வரும், நீதிமன்றத் தீர்ப்பு வரும், அரசாங்கச் சட்டம் வரும். அவையும் அரிய நூல்களே. நான்கு அடிப் பாட்டில் எழுவாயைத் தேடக் கற்றவன், நாலு பக்க ஒப்பந்தத்தில் யார் யாருக்குக் கடமைப்பட்டார் என்பதையும் தேடிக் கண்டுகொள்ளுவான்.

முடிவாக, இந்த நகரத்துத் தமிழர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெல்வெடியரில் உள்ள தேசிய நூலகத்தில், வையாபுரிப் பிள்ளையவர்கள் வாழ்நாளெல்லாம் சேர்த்த புத்தகங்களும் ஏட்டுப் பிரதிகளும் தனித் தொகுப்பாகக் காக்கப்படுகின்றன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்ஸிகனைப் பதிப்பாசிரியராக இருந்து 1936-இல் நிறைவேற்றிய, ஒரு சொல்லின் பொருளைத் துணிவதற்கு முன் அது வழங்கிய இடங்களையெல்லாம் தேடிப் பார்த்த ஒரு பெரியவரின் நூற்செல்வம், நெல்லைக்கும் சென்னைக்கும் அப்பால், உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. உங்கள் பிள்ளைகள் பள்ளியில் வங்காளியும் ஹிந்தியும் ஆங்கிலமும் பயில்கிறார்கள். தமிழ் அவர்களுக்கு வீட்டுப் பேச்சாக மட்டும் இருக்கிறது. இதனைக் குறையாகவே எண்ணி வருந்தவேண்டாம். பல மொழிகளை அறிந்த பிள்ளைக்கு மொழிபெயர்த்துப் பார்க்கும் வசதி இயல்பாகவே உண்டு. மாக்பெத்தை வங்காளியாக்கிய சிறுவர் வளர்ந்த நகரத்தில் அல்லவா அவர்கள் வளர்கிறார்கள்? வாரம் ஒருநாள், ஒரு வீட்டுத் திண்ணையிலோ சங்கத்தின் கூடத்திலோ, பத்துப் பேர் கூடுங்கள். ஒரு குறுந்தொகைப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். லெக்ஸிகனைப் பக்கத்தில் வையுங்கள். உரையை முதலில் மூடி வைத்துப் பிறகு திறவுங்கள். பிள்ளைகளை அதை வங்காளியிலும் ஆங்கிலத்திலும் சொல்லிப் பார்க்கச் செய்யுங்கள். நன்னூலார் கணக்குப்படி எஞ்சிய அரைப் பங்கு அவர்களுக்குச் சேரட்டும்.

ஆசிரிய நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் அமைக்கும் ஒவ்வொரு தேர்விலும், வகுப்பில் நடத்தாத ஒரு பகுதியைக் கொடுத்து, அகராதியைப் பார்க்க அனுமதித்து, இதை நீயே வாசித்துச் சொல் என்று கேட்கும் வினா ஒன்றையாவது சேருங்கள். நோட்ஸால் விடையளிக்க முடியாத அந்த ஒரு வினா, ஆண்டு முழுவதும் வகுப்பு நடக்கிற முறையையே மாற்றிவிடும். ஏனெனில் மாணவனால் முடியும் என்று நாம் உண்மையாகவே நம்புகிறோம் என்பதற்கு அதுவே அவன் காணும் முதல் அத்தாட்சியாக இருக்கும். அந்த நம்பிக்கையை அவனுக்குக் கொடுப்பதற்குத்தான் நாம் ஆசிரியர்களாக இருக்கிறோம்.